கேன் தண்ணீரும் கருமுட்டையும்: மருத்துவர் ஒரே வரியில் சொன்னதன் பொருள் என்ன?

மஞ்சக்குப்பம் ஆசிரியை
ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். வயது 32. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் புதுச்சேரியில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் எனக்கு முதன்முறையாகக் கருமுட்டைகளை எடுத்தார்கள். ஒன்பது கிடைத்தன. அவற்றில் ஆறு முதிர்ந்தவை, நான்கு கருவுற்றன, ஐந்தாம் நாள் வரை வளர்ந்தது ஒன்றுகூட இல்லை. தொலைபேசியில் அந்தச் செய்தியைக் கேட்டபோது ஒன்பதாம் வகுப்பு வாசலில், கையில் சாக்கட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்த்தபோது முட்டையின் தரம் போதவில்லை என்றார். நாங்கள் எழுந்து வரும் நேரத்தில், பிளாஸ்டிக்கில் சூடாக எதையும் சாப்பிட வேண்டாம், கேன் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் சொன்னார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். விளக்கம் கேட்க எனக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு வரி வேறு உருவம் எடுத்துவிட்டது. கல்லூரி விடுதியில் இருந்த நான்கு ஆண்டுகளும் நான் பார்சல் சாப்பாடு சாப்பிட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உறவினர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

பிளாஸ்டிக்கிலிருந்து வரும் வேதிப்பொருள் கருமுட்டை வரை உண்மையிலேயே போய்ச் சேருகிறதா? சேர்ந்தால் அங்கே என்ன செய்கிறது? நான் செய்த ஏதோ ஒன்றால்தான் இப்படி ஆயிற்றா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


முத்தியால்பேட்டை அக்கா
ஞாயிறு, இரவு 10.15

தங்கையே, நான் ஏழு ஆண்டுகள் இந்த வழியில் நடந்தவள். மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் என்னிடம்தான் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். என் கணவரிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குப் பரிசோதனை செய்தார்களா, முடிவு என்ன என்று நீங்கள் எழுதவில்லையே. அதையும் சொல்லுங்கள். உறவினர் பேச்சை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.


ஆய்வக மேசை
திங்கள், காலை 6.20

சகோதரிக்கு வணக்கம். நான் புதுச்சேரியில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கருவியல் பணி செய்கிறேன். உங்கள் மருத்துவர் ஒரு வரியில் சொன்னதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். கருமுட்டையை வைக்கும் தட்டு, உறிஞ்சும் குழல், விந்து மாதிரி வாங்கும் டப்பா ஆகிய அனைத்தும் பிளாஸ்டிக்கால் ஆனவையே. ஆனால் சந்தையில் கிடைக்கும் எந்தத் தட்டையும் நாங்கள் எடுத்துப் பயன்படுத்திவிட முடியாது. உற்பத்தியாகும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில தட்டுகளை எடுத்து, அவற்றில் எலியின் கருக்களை வளர்த்து, அவை சரியாக வளர்ந்தால் மட்டுமே அந்தத் தொகுதிக்குச் சான்று கிடைக்கும். அப்படிச் சான்று பெற்ற தட்டுகளையும் உறையைப் பிரித்து, காற்றாடச் சில மணி நேரம் வைத்திருந்து, ஆவியாகக்கூடியவை போன பிறகே முட்டையை வைக்கும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. பிளாஸ்டிக் வெறும் பாத்திரமாக மட்டும் இருப்பதில்லை, அதிலிருந்து ஏதேனும் இறங்கலாம் என்பது எங்கள் தொழிலின் அன்றாட அறிவு. அதனால்தான் வீட்டுச் சமையலறையைப் பற்றி இந்தக் கேள்வி எழும்போது என்னால் அதைத் தள்ளிவிட முடிவதில்லை.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பாட்ரீசியா ஹன்ட் என்ற அறிவியலாளர் எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம்கள் எப்படிப் பிரிகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். முட்டை முதிரும்போது குரோமோசோம்கள் அனைத்தும் நடுவில் ஒரு கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும். பள்ளியில் காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் நிற்பதைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அவருடைய எலிகளில் நூற்றில் ஒன்றோ இரண்டோ முட்டைகளில்தான் வரிசை கலைந்திருக்கும். திடீரென்று அது நூற்றுக்கு நாற்பதாக உயர்ந்தது. எலிகளுக்கு எந்த மருந்தும் கொடுக்கப்படவில்லை, தெரிந்து எதுவும் மாற்றப்படவில்லை. பல வாரங்கள் தேடிய பிறகே காரணம் கிடைத்தது: கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கழுவியவர், தரை கழுவுவதற்கான காரம் மிகுந்த சோப்பைத் தவறுதலாகப் பயன்படுத்திவிட்டார். பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் பொருள்கள் அதனால் மங்கி, அரிக்கப்பட்டு, பிஸ்பீனால் ஏ என்ற மூலப்பொருளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தன. பிறகு அவர்கள் வேண்டுமென்றே சிறிய அளவுகளில் பிஸ்பீனால் ஏ கொடுத்துப் பார்த்தபோதும் அதே குழப்பம் முட்டையில் தோன்றியது. 2003-இல் அந்த முடிவை வெளியிட்டார்கள்.

இந்தப் பொருளுக்கு ஏன் இந்த ஆற்றல் என்றால், அது பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜன் போலவே செல்லின் ஏற்பியில் போய்ப் பொருந்துகிறது. இது புதிதாகக் கண்டறிந்ததும் அன்று. 1936-லேயே இங்கிலாந்தில் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ் என்பவர் இதை ஒரு செயற்கை ஈஸ்ட்ரோஜனாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்; அதைவிட வலிமையான வேறு பொருள் கிடைத்ததால் இது மருந்தாகவில்லை. சில பத்தாண்டுகள் கழித்துப் பாத்திரமாக நம் வீட்டுக்குள் வந்தது.

நீங்கள் மறக்காமல் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கருமுட்டைகள் உங்கள் விடுதி நாட்களில் உருவானவை அல்ல. ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகும் முட்டைகள் அனைத்தும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. கருவின் இருபதாவது வாரத்தில் அறுபது, எழுபது லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சமே மிஞ்சும். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். அவற்றில் வாழ்நாளில் வெளிவருபவை நானூறு, ஐந்நூறு மட்டுமே. குன்றல் பிரிவு என்று நம் பாடநூல்கள் சொல்லும் செல்பிரிவு தாயின் வயிற்றிலேயே தொடங்கி, பாதியில் நின்று, முப்பது ஆண்டுகள் காத்திருந்து, முட்டை வெளிவரும் அந்தச் சில மணி நேரத்தில்தான் தொடர்கிறது. 2007-இல் ஹன்ட் குழுவினர் கருவுற்ற எலிகளுக்குப் பிஸ்பீனால் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் இருந்த பெண் குட்டிகளின் முட்டைகளில் குரோமோசோம்கள் இணைசேரும் கட்டத்திலேயே பிழை தெரிந்தது. அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் உருவான கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கையே தவறியது. 2012-இல் ரீசஸ் குரங்குகளிலும் முட்டை உருவாகும் தொடக்கக் கட்டத்தில் மாற்றங்களைக் கண்டார்கள். பாட்டியின் உணவு, பேத்தி உருவாகப்போகும் முட்டையைத் தொடக்கூடும் என்பதே இதன் பொருள். ஆகவே பார்சல் சாப்பாட்டைக் காட்டி உங்களைக் குற்றம் சொல்பவர்களுக்கு அறிவியலில் இடமில்லை.


வேதியியல் பழையவர்
திங்கள், மாலை 5.05

மேலே எழுதியவரின் பதிவை இருமுறை படித்தேன். எலிகளைப் பற்றி அவர் சொன்னவை சரியே. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கும் இளம் பெண்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும் கண்டு அஞ்சத் தொடங்கிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயர் அன்று, ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். பிஸ்பீனால் ஏ இருப்பது பாலிகார்பனேட்டிலும், உணவு டின்களின் உட்புறம் பூசும் எப்பாக்சிப் பூச்சிலும்தான். தாலேட்டுகள் என்ற மென்மையாக்கிகள் பெரும்பாலும் வளையக்கூடிய பிவிசியில் இருக்கின்றன. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் என்பதன் முழுப்பெயரில் டெரிதாலேட் என்ற சொல் வருவதால் பலர் குழம்புகிறார்கள். அது வேறு, மென்மையாக்கியாகிய தாலேட் வேறு. சாம்பார் கட்டித் தரும் பாலித்தீன் உறைக்கும் மென்மையாக்கி தேவையில்லை. ஆனால் மறுசுழற்சியில் வந்த கறுப்பு, நீலக் கவர்களில் எதையெல்லாம் சேர்த்து உருக்கினார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. அதில் கொதிக்கும் எண்ணெய்க் குழம்பை ஊற்றுவது அறிவுடைமை ஆகாது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் அவ்வகைக் கவர்களுக்குத் தடை இருந்தும் மாலை நேரத்தில் கடைக்குக் கடை அவற்றைப் பார்க்கிறோம்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க பிஸ்பீனால் ஏ அளவை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமுக்கு, அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. செர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்காமல் 200 நானோகிராம் போதும் என்றது. இரு தரப்பும் படித்தவர்கள்தாம், ஒரே ஆய்வுகளைத்தான் வைத்திருந்தார்கள். இருவரின் எண்களுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஆயினும் இரண்டு எண்களுமே பழைய அளவைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். 2024 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏ-வைத் தடை செய்யும் விதியை ஏற்றுக்கொண்டது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், புதுச்சேரியில் 1.5 என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னதை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக்கால் பிறப்பு குறைந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. பெண்கள் படித்ததும், தாமதமாக மணம் செய்ததும், இரண்டு போதும் என்று தாமே முடிவு செய்ததும்தான் அந்த எண்ணுக்குக் காரணம். விரும்பியும் ஓராண்டு வரை கருத்தரிக்காமல் இருப்பதையே மருத்துவம் குழந்தையின்மை என்கிறது. உலக அளவில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் அதைச் சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அதிலும் முட்டையின் குரோமோசோம் பிழைகளுக்கு முதற்காரணம் பெண்ணின் வயது. பிளாஸ்டிக் அதற்குப் பின்னால்தான் வருகிறது.


மஞ்சக்குப்பம் ஆசிரியை
திங்கள், இரவு 9.55

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பாட்டி, பேத்தி என்ற வரியைப் படித்தபோது என் அம்மா என்னைச் சுமந்த ஆண்டுகளை நினைத்துப் பார்த்தேன். சில்வர் தூக்கில்தான் எல்லாம் இருந்தது என்று அவர் சொல்வார்.

அக்கா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் கணவருக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1.4 கோடி விந்தணுக்கள் என்று வந்தது. சற்றுக் குறைவுதான், கவலைப்பட வேண்டாம் என்றதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அவர் பண்ருட்டி சாலையில் ஒரு கடையில் நாள் முழுவதும் பில் போடுகிறார். சாப்பாடு பெரும்பாலும் வெளியில்தான்.

இன்னொரு ஐயம். கடைகளில் இப்போது பிபிஏ (பிஸ்பீனால் ஏ) இல்லாதது என்று அச்சிட்ட பாட்டில்கள் கிடைக்கின்றன. வாங்கினால் போதுமா?


ஆய்வக மேசை
செவ்வாய், காலை 6.05

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பிஸ்பீனால் ஏ-வுக்கு எதிர்ப்பு வந்ததும் பல இடங்களில் அதன் உடன்பிறப்பாகிய பிஸ்பீனால் எஸ் வந்து உட்கார்ந்தது. அதே ஹன்ட், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, பழைய கூண்டுகளை நீக்கிவிட்டு பாலிசல்ஃபோன் என்ற உறுதியான பிளாஸ்டிக் கூண்டுகளை வைத்திருந்தார். இருபதாண்டு கழித்து மறுபடியும் அவருடைய எலிகளின் எண்கள் கலைந்தன. இம்முறையும் சேதமடைந்த கூண்டுகளே காரணம், இம்முறை கசிந்தது பிஸ்பீனால் எஸ். முட்டையிலும் விந்தணுவிலும் செல்பிரிவு பாதிக்கப்பட்டதாகவும், ஆண் எலிகளில் அதன் விளைவு மூன்றாம் தலைமுறை வரை நீடித்ததாகவும் 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே அறிவியலாளருக்கு இரண்டு முறை இப்படி நேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். ஆகவே அந்த அச்சு, ஒரு பொருள் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. எவர்சில்வரும் கண்ணாடியும் இருக்கும்போது நாம் ஏன் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும்?

இப்போது உங்கள் கணவரைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. 1.4 கோடி என்பது அதற்குச் சற்றுக் கீழே. அது பேசித் தீர்க்க வேண்டியதுதான், கடந்து போகத்தக்கது அன்று. கரு மூன்றாம் நாளுக்குப் பிறகு வளராமல் நிற்பதில் விந்தணுவின் மரபுப்பொருள் சிதைவுக்கும் பங்கிருக்கலாம். முட்டையின் தரம் என்ற சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஆணின் உடலில் தாலேட்டுகள் வேலை செய்யும் விதம் வேறு. அவை ஹார்மோனைப் போல நடிப்பதில்லை. விந்தகத்தில் லேடிக் செல்கள் ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கும் வேலையையே மந்தப்படுத்துகின்றன. வயிற்றில் இருக்கும் ஆண் எலிக்குட்டிக்கு அது நேர்ந்தால் விந்தகம் இறங்காமல் போவது, சிறுநீர்த்துளை இடம் மாறுவது, பின்னாளில் விந்தணு குறைவது ஆகியவை சேர்ந்து வருகின்றன. 2005-இல் சானா ஸ்வான் என்பவர், கருவுற்ற தாய்மாரின் சிறுநீரில் இருந்த தாலேட் அளவுக்கும் அவர்களின் ஆண் குழந்தைகளின் உறுப்பு அமைப்பில் கண்ட நுட்பமான வேறுபாட்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார். அவர் இடம்பெற்ற குழு 2017-இல் மேலை நாடுகளின் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, 1973 முதல் 2011 வரை விந்தணுச் செறிவு பாதிக்கும் மேல் குறைந்ததாகக் கணித்தது. 2022-இல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 1973-இல் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10.1 கோடியாக இருந்தது 2018-இல் 4.9 கோடி. இந்தச் சரிவு முழுவதையும் பிளாஸ்டிக்கின் மேல் போட முடியாது. உடற்பருமன், புகை, மது, பூச்சிக்கொல்லி, நாற்காலியை விட்டு எழாத வேலை எல்லாம் அதில் பங்காளிகள்.

ஆனால் ஆணுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. விந்தணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74 நாட்களில் புதிதாக உருவாகிறது. இன்று மாற்றிக்கொண்டால் மூன்று மாதத்தில் வரும் விந்தணுக்கள் மாற்றத்துக்குப் பிறகு பிறந்தவை. முப்பதாண்டு காத்திருந்த முட்டைக்கு அந்த வசதி இல்லை. அதற்கும் கடைசி மூன்று நான்கு மாத வளர்ச்சிக் காலம் உண்டு என்பதால் உங்கள் பங்கும் வீணாகாது.


உப்பனாற்றங்கரை
செவ்வாய், இரவு 11.20

ஐயா, அம்மா, இரவு வேலை முடித்து வந்து இதைப் படித்தேன். நான் பிவிசி ஹோஸ் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் கலவை போடும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்பவர்களுக்கு டிஓபி என்ற மென்மையாக்கும் எண்ணெய் தேவைப்படாது, அது கடினமான பிவிசி. ஹோஸ், ரெக்சின், செருப்பு, வயர் உறை செய்யும் இடங்களில்தான் டிஓபி டிரம் டிரம்மாக வரும். மிக்சரில் பிவிசி மாவைப் போட்டு, சூடேறும்போது டிஓபியை ஊற்றுவோம். பார்க்க விளக்கெண்ணெய் போல இருக்கும், வாடை அதிகம் இராது. மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியில் முகம் பிசுபிசுக்கும். கையில் பட்டால் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே சோற்றில் கை வைப்போம். இத்தனை நாள் அதை ஒரு தவறு என்று யாரும் சொன்னதில்லை. தாலேட் என்று நீங்கள் எழுதுவதும் நாங்கள் ஊற்றும் டிஓபியும் ஒன்றுதானா? எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு நான்கு ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம்.


வேதியியல் பழையவர்
புதன், காலை 7.30

தம்பி, ஒன்றேதான். தொழிலில் டிஓபி என்று வழங்குவதும், ஆய்வுகளில் டிஇஎச்பி என்று எழுதப்படுவதும் ஒரே தாலேட். அது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் சேர்வதில்லை. சோற்றில் ஊற்றிய நெய்யைப் போல இடையில் தங்கியிருக்கிறது. அதனால்தான் சூட்டிலும் எண்ணெயிலும் எளிதாக வெளியேறுகிறது.

திங்கட்கிழமை நான் அளவைப் பற்றி எழுதியபோது, கடையில் பொருள் வாங்குபவர்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். உங்கள் நிலை வேறு. சீனாவில் பிவிசித் தரைவிரிப்பு ஆலையில் வேலை செய்த 74 ஆண்களை, ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்த 63 பேருடன் ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வில், தாலேட் மிகுதியாக உடலில் சேர்ந்தவர்களுக்குக் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. ஆகவே உங்களிடம் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

நைட்ரைல் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். துணிக் கையுறை டிஓபியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அது கரையாது, எனவே சாப்பிடும் முன் சோப்பு போட்டு இருமுறை கழுவ வேண்டும். மிக்சரைத் திறக்கும்போது விலகி நின்று, ஆவி அடங்கிய பின் அருகில் செல்லுங்கள். மிக்சருக்கு மேல் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி வைக்கும்படி முதலாளியிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது; தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே மாற்றுங்கள், உங்கள் மகள் உங்கள் மடியில் ஏறுவாள் அல்லவா. மருத்துவரிடம் போகும்போது செய்யும் வேலையை மறக்காமல் சொல்லுங்கள். நம் ஊரில் சீட்டில் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.


நடத்துநர்
புதன், பிற்பகல் 2.10

கடலூர்–புதுச்சேரி தடத்தில் நடத்துநர் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு சீட்டுக்குக் குறையாமல் இயந்திரத்தில் அடித்துக் கிழிக்கிறேன். அந்தத் தாளிலும் இந்தப் பொருள் உண்டு என்று ஒரு பயணி சொன்னார். உண்மையா?


ஆய்வக மேசை
புதன், இரவு 8.45

பொதுவாக உண்மையே. மையில்லாமல் சூட்டால் எழுத்துத் தோன்றும் தாளில், நிறம் எழச் செய்யும் பொருளாகப் பிஸ்பீனால் ஏ அல்லது எஸ் பூசப்படுவது வழக்கம். ஐரோப்பாவில் 2020 முதல் அத்தாளில் பிஸ்பீனால் ஏ-வுக்குக் கடுமையான வரம்பு உண்டு. பிளாஸ்டிக்கில் போலப் பிணைந்திராமல் மேற்பரப்பில் தூளாக இருப்பதால் விரலில் ஒட்டும். கை ஈரமாகவோ, சானிடைசர் பூசியோ இருந்தால் தோல் வழியாக உள்ளே செல்வது பல மடங்கு கூடுகிறது. எச்சில் தொட்டுச் சீட்டுக் கிழிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், சாப்பிடும் முன் கழுவுங்கள். ஆசிரியை அவர்களே, உங்கள் கணவர் நாள் முழுவதும் பில் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்; இந்தப் பதில் அவருக்கும் பொருந்தும்.


முத்தியால்பேட்டை அக்கா
புதன், இரவு 9.30

எங்கள் தெருவில் ஓர் இடத்தில், உடலில் சேர்ந்த பிளாஸ்டிக் நஞ்சை இருபத்தொரு நாளில் இறக்கித் தருவதாகச் சொல்லிப் பதினெட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். என் அண்ணன் மகள் பணம் கட்டத் தயாராக இருக்கிறாள். தடுக்கவா வேண்டாமா?


ஆய்வக மேசை
வியாழன், காலை 6.10

தடுத்துவிடுங்கள் அக்கா. பிஸ்பீனால் ஏ உடலில் பாதியாகக் குறைய ஆறு மணி நேரம் அளவே ஆகிறது, ஒரு நாளில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். தாலேட்டுகளும் ஏறத்தாழ அப்படியே. சிறுநீரகம் இலவசமாகச் செய்யும் வேலைக்குப் பதினெட்டாயிரம் எதற்கு? நாள்தோறும் புதிதாக உள்ளே வருவதுதான் சிக்கல். 2011-இல் கலிபோர்னியாவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த இருபது பேருக்கு மூன்று நாள் மட்டும், டின்னிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத புதிய உணவைச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 விழுக்காடு குறைந்தது. டிஇஎச்பியின் சிதைபொருள்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மூன்றே நாள். அந்தப் பணத்தில் உங்கள் அண்ணன் மகள் இரண்டு எவர்சில்வர் குடமும் ஒரு நல்ல டிபன் கேரியரும் வாங்கினால் பாக்கி கையில் நிற்கும்.

நுண்பிளாஸ்டிக் துகள்கள் வேறு கதை, அவை இப்படி ஒரு நாளில் கரைந்து போவதில்லை. 2024-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்த 23 மனித விந்தகங்கள் ஒவ்வொன்றிலும் துகள்கள் இருந்தன. ஒப்பிட எடுத்த 47 நாய்களின் விந்தகங்களில் பிவிசித் துகள் மிகுந்தவற்றில் விந்தணு குறைவாக இருந்தது.


மஞ்சக்குப்பம் ஆசிரியை
ஞாயிறு, காலை 11.15

இந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் இருந்த கேனைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தேன். முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தது; பாலிகார்பனேட்டும் அந்த எண்ணில்தான் வருகிறது. ஒரு காலத்தில் கண்ணாடி போல இருந்திருக்க வேண்டும். இப்போது உள்ளே கையை விட்டுத் தேய்த்த கோடுகளால் முழுவதும் பால்வெள்ளையாக மங்கியிருக்கிறது. கிளீவ்லாந்துக் கூண்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டேன். கேன் போடும் தம்பியிடம் கேட்டபோது, ஒவ்வொரு கேனும் நூறு முறைக்கு மேல் திரும்பி வரும், பிளீச்சிங் போட்டுக் கழுவுவோம், வண்டி கிடைக்கும் வரை வெயிலில்தான் அடுக்கியிருக்கும் என்றார். மறைக்காமல் சொன்னார். எங்கள் தெருக் குழாயில் வாரம் மூன்று நாள் தண்ணீர் வருகிறது. அதைப் பிடித்துக் காய்ச்சி எவர்சில்வர் குடத்தில் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம்.

என் கணவரிடம் இந்த இழை முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் அம்மாவிடம் போய், குறை என்னிடமும் இருக்கிறது, இனி அவளைக் கேட்காதீர்கள் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை செய்யத் தாமாகவே நாள் குறித்திருக்கிறார். மாதிரி கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?


ஆய்வக மேசை
ஞாயிறு, பிற்பகல் 12.40

உண்டு. முந்தைய பரிசோதனைக்கு எத்தனை நாள் இடைவெளி விட்டாரோ அதே இடைவெளியை இம்முறையும் விடச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்குக் குறையவும் ஏழு நாளுக்கு மிகவும் கூடாது. இடைவெளி மாறினால் எண்ணும் மாறும், பிறகு ஒப்பிட முடியாது. இடையில் காய்ச்சல் வந்தால் தேதியைத் தள்ளி வைக்க வேண்டும். மரபுப்பொருள் சிதைவுப் பரிசோதனையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கடலூரிலிருந்து எடுத்து வருவதானால் பேருந்து நெரிசலில் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். மையத்திலேயே கொடுப்பது நல்லது. வீட்டு டப்பா எதிலும் வேண்டாம். ஆய்வகத்தில் கேட்டால் சோதித்த டப்பா தருவார்கள்.